கிணற்றுக்கு முறை வேண்டாம், கால்வாய்க்கு வேண்டும்

ஜனவரி மாதக் காலை, மணி ஆறரை. பாளையங்கோட்டையை அடுத்த ஒரு குளக்கரையில் ஐந்து பேர் நின்றுகொண்டிருந்தோம். சூரியன் எதிரே எழும்பியதால் தண்ணீர் முழுக்க வெள்ளித் தகடாய் மின்னியது. அதன் மேல் வாத்துகள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்தன. தொலைநோக்கியில் கண் வைத்திருந்த கல்லூரி மாணவி எண்ணிச் சொல்ல, நான் படிவத்தில் எழுதினேன். நாமக்கோழி, முக்குளிப்பான், பாம்புத்தாரா எல்லாம் தடங்கலில்லாமல் வந்தன. பிறகு ஒரு சிறு கூட்டம். ‘பதினான்கு’ என்றாள். என்ன வாத்து என்று கேட்டேன். பதில் வரவில்லை. போன வருடம் இதே மூலையில் கிளுவை பார்த்த ஞாபகத்தில் நானாகவே ‘கிளுவை’ என்று எழுதத் தொடங்கினேன். அவள் கையைப் பிடிக்காத குறைதான்.

“சார், தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். பேர் போட்டு எழுதிவிட்டால் அப்புறம் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.”

அடித்துவிட்டு ‘அடையாளம் தெரியாத வாத்து – 14’ என்று எழுதினேன்.

தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் நடந்துவரும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இது. மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் முன்னின்று நடத்துகிறது. எண்ணுகிறவர்கள் மாணவர்கள், ஆசிரியர்கள், என்னைப் போல விடுமுறை நாளில் வீட்டில் இருப்புக்கொள்ளாதவர்கள். சம்பளம் கிடையாது, கண்ணுக்குக் குளிர்ச்சி உண்டு. அந்தப் பெண் சொன்ன ஒரு வாக்கியம்தான் இந்தக் கட்டுரைக்கு வித்து. பலர் கூடி, காசு வாங்காமல், ஒருவர் செய்ததை இன்னொருவர் திறந்து பார்த்துத் திருத்திக்கொண்டே வளர்க்கும் வேலைகள் உலகில் எத்தனையோ இருக்கின்றன. ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் அறிவித்த லினக்ஸ் என்ற கணினி இயங்குதளம் அப்படி வளர்ந்தது. 2001இல் தொடங்கிய விக்கிப்பீடியா அப்படி வளர்ந்தது. பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கி அப்படித்தான் நடக்கிறது.

இவற்றைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘எதற்காகச் சும்மா உழைக்கிறார்கள்?’ என்று கேட்பது வழக்கம். எனக்கு இந்தக் கேள்வியில் பெரிய சுவாரசியம் இல்லை. மனிதர்கள் சும்மா உழைப்பது புதிதா என்ன? கோயில் கொடையில் பந்தி பரிமாறுகிறவருக்கு யார் கூலி கொடுத்தார்கள்? தொடங்குவது எளிது. நூறு பேர் ஆர்வமாகத் தொடங்கும் வேலையில் தொண்ணூறு அடுத்த ஆடிக்குள் படுத்துவிடுகிறது. மிச்சப் பத்து ஏன் நிற்கிறது என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

‘திறந்த’ என்ற சொல் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. கதவு இல்லை, வேலி இல்லை, கேட்பார் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். ஆற்றுப் பாசனத்தில் பிறந்தவர்களுக்கு இந்த மயக்கம் வரக் கூடாது. சொந்தக் கிணறு வைத்திருப்பவருக்கு எந்த முறையும் தேவையில்லை. நினைத்த நேரத்தில் மோட்டாரைப் போட்டுவிடலாம். கால்வாய் அப்படியல்ல. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியின் நீளம் ஏறக்குறைய 128 கிலோமீட்டர்தான். அதற்குள் எட்டு அணைக்கட்டுகள். ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரர் காலத்தது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. ஒவ்வோர் அணைக்கட்டிலிருந்தும் கால், காலிலிருந்து குளம், குளத்திலிருந்து மடை, மடையிலிருந்து வயல். தலைமடைக்காரர் கார் சாகுபடிக்கு நடவு முடித்துக் கால் நீட்டி உட்காரும்போது கடைமடைக்காரர் வானத்தையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். எனவே யாருக்கு எந்நேரம், எத்தனை நாழிகை, எந்த மடை முதலில் என்பதற்கெல்லாம் முறை இருந்தது. திறப்பதற்கும் அடைப்பதற்கும் மடைக்குடும்பர் இருந்தார். வேலி போட முடியாத இடத்தில்தான் விதி பிறக்கிறது.

இதையே உலகம் முழுக்க அலைந்து ஆராய்ந்தவர் எலினார் ஆஸ்ட்ரம். பொதுச் சொத்து என்றால் ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள், அரசோ தனியாரோ எடுத்துக்கொண்டால்தான் பிழைக்கும் என்று பலர் நம்பியிருந்த காலத்தில், பாசனக் கால்வாய்கள், மேய்ச்சல் நிலங்கள், மீன்பிடித் துறைகள் என்று நூற்றாண்டுகளாகத் தாக்குப்பிடித்த பொதுக்களை அவர் எடுத்துக் காட்டினார். 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். அந்தத் துறையில் அதைப் பெற்ற முதல் பெண். அவர் கண்டவற்றில் எனக்குப் பிடித்தது தண்டனை பற்றியது. நிலைத்து நின்ற பொதுக்களில் முதல் தப்புக்குப் பெரிய அபராதம் கிடையாது. தெரியாமல் மடையைத் திறந்தவனிடம் ‘என்னப்பா இது’ என்று ஒரு வார்த்தை. மறுபடி செய்தால் சிறு தண்டம். அடங்காவிட்டால்தான் தண்ணீரே நிறுத்தம். கண்காணிப்பவரும் வெளியிலிருந்து வந்த அதிகாரி அல்ல, அதே தண்ணீரில் பங்குள்ளவர், அல்லது பங்குள்ளவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். விக்கிப்பீடியாவில் கண்டதை எழுதுகிறவரை எடுத்த எடுப்பில் நிரந்தரமாக வெளியேற்றுவது வழக்கமல்ல. பேச்சுப் பக்கத்தில் எச்சரிக்கை, பிறகு சில மணி நேரத் தடை, பிறகு நீண்ட தடை என்று படிப்படியாகப் போவது ஏறத்தாழ இதே வரிசைதான்.

நம் ஊர்ப் பொதுவைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறைத்துவிட்டுப் போகக் கூடாது. மடையைத் திறந்தவரின் பெயருக்குப் பெரும்பாலும் பட்டா நிலம் இருந்ததில்லை. முறையை வகுத்த கூட்டத்தில் அவருக்கு நாற்காலியும் இருந்ததில்லை. ஊரார் கூடிக் குளத்தையும் காலையும் செப்பனிடுவதைக் குடிமராமத்து என்று இன்று பெருமையாகச் சொல்கிறோம். அதில் மண் சுமந்தது யார், மேற்பார்வை பார்த்தது யார் என்பது சாதியைக் கேட்டுத்தான் முடிவானது. 1858இல் கம்பெனி ஆட்சியின் கடைசி ஆண்டில் வந்த சென்னை மாகாணச் சட்டம் இந்த உழைப்பைக் கட்டாயமாக்கியது என்பதும் அதன் லட்சணத்தைச் சொல்லும். இன்றைய திறந்த சமூகங்களிலும் வேறு உருவில் இதே கோளாறு உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் கணினி முன் உட்கார அவகாசமுள்ளவர்கள்தான் பெரும்பாலும் விதிகளை எழுதுகிறார்கள். அந்த நேரத்தில் பாத்திரம் தேய்க்கிறவர்கள் எழுதுவதில்லை. விக்கிப்பீடியாவில் எழுதும் பெண்கள் சிறுபான்மையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

உழைத்தவரின் பெயரைக் குறிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

மதுரைத் திட்டத்தின் எந்தக் கோப்பைத் திறந்தாலும் நூலுக்கு முன்னால் ஒரு முகப்புப் பக்கம் இருக்கும். தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார், இணையப் பக்கமாக மாற்றியவர் யார் என்று அதில் எழுதியிருக்கும். ஒருவர் கலிபோர்னியாவில் தட்டச்சு செய்திருப்பார், இன்னொருவர் சிங்கப்பூரில் ஒற்றுப்பிழை பார்த்திருப்பார். கோப்பை யாரும் இலவசமாகப் பகிரலாம். முகப்புப் பக்கத்தைச் சிதைக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. காசு கேட்கவில்லை, அனுமதி கேட்கவில்லை, பெயரை அழிக்காதே என்று மட்டும் கேட்கிறார்கள். மெய்ப்புப் பார்த்தவரின் பெயர் அங்கே இருப்பதைக் கவனியுங்கள். அச்சுலகில் அவரை யாருக்குத் தெரியும்? பிழை இருந்தால் திட்டுவதற்கு மட்டும் ஞாபகம் வருகிறவர் அவர்.

இதற்கு நம் பக்கத்தில் பழைய முன்னோடி உண்டு. பத்துப்பாட்டைப் பதிப்பிக்க உ.வே.சாமிநாதையர் ஏடு தேடித் திருநெல்வேலிச் சீமையில் வீடு வீடாக ஏறி இறங்கினார். திருநெல்வேலியிலும் ஆழ்வார்திருநகரியிலும் கவிராயர்கள் வீட்டுப் பரண்களிலிருந்து ஏடுகள் இறங்கின. 1889இல் நூல் வந்தபோது ஏடு கொடுத்தவர்களை முகவுரையில் நன்றியோடு குறித்தார். ஏடு வைத்திருந்தவர் எழுத்தாளர் அல்லர், உரையாசிரியர் அல்லர். கறையானுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தார், கேட்டபோது கொடுத்தார். அதற்கும் பெயர் உண்டு என்று ஆக்கியது சிறிய காரியமல்ல. ஒருவர் கொடுத்தது பெயரோடு அச்சில் வந்தால் அடுத்த வீட்டுக்காரருக்கும் பரணில் ஏறத் தோன்றும்.

மறுபுறமும் இதே சீமையில்தான் நடந்தது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுணராம பாண்டியரின் ஏட்டுச் சுவடிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு சாமிநாதையர் போய் விசாரித்தார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட்டதாகப் பதில் கிடைத்தது. கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, சாத்திரப்படிதான் செய்தார்கள். பூட்டி வைத்த அறிவுக்கு எதிரி திருடன் மட்டுமல்ல.

பகிர்ந்தால் தொழில் போய்விடாதா என்ற பயம் நியாயமானது. இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களின் கதை இதற்குப் பதில் வைத்திருக்கிறது. செம்பும் வெள்ளீயமும் தோண்டும் அந்த ஆழச் சுரங்கங்களில் ஊறும் தண்ணீரை நீராவி எந்திரத்தால் இறைக்க வேண்டும். நிலக்கரியோ கடல் வழியாக வர வேண்டும், விலை அதிகம். ஜேம்ஸ் வாட்டின் காப்புரிமை 1800இல் முடிந்தது. 1811இல் ஜோயல் லீன் என்ற சுரங்க மேலாளரின் பொறுப்பில் ஒரு மாத அறிக்கை தொடங்கியது. எந்தச் சுரங்கத்தில் எந்த எந்திரம், ஒரு புஷல் (பழைய ஆங்கில அளவு) நிலக்கரிக்கு எவ்வளவு தண்ணீரை எவ்வளவு உயரம் தூக்கியது, கட்டிய பொறியாளர் யார் என்று எல்லாம் அச்சில். அடுத்த முப்பது சொச்சம் ஆண்டுகளில் அதே அளவு கரிக்குக் கிடைத்த வேலை மூன்று மடங்குக்கு மேல் கூடியது. உயர் அழுத்த எந்திரத்தை 1812இல் அங்கே நிறுவிய ரிச்சர்ட் டிரெவிதிக் அதற்குக் காப்புரிமையே வாங்கவில்லை.

அந்த மனிதர்கள் தியாகிகள் அல்லர். ஒரே முதலாளி பல சுரங்கங்களில் பங்கு வைத்திருந்தார். எங்கே கரி மிச்சமானாலும் அவருக்கு லாபம். பொறியாளருக்கோ, தன் பெயருக்கு நேராக நல்ல எண் வந்தால் அடுத்த சுரங்கத்தில் வேலை. இங்கே மூன்று சங்கதிகள் கூடியிருக்கின்றன: அளப்பது எல்லோருக்கும் ஒரே அளவுகோல், அளப்பவர் போட்டியாளர் அல்லர், எண்ணோடு பெயரும் வருகிறது. ஒன்று குறைந்திருந்தாலும் அந்த அறிக்கை வெறும் விளம்பரத் தாள் ஆகியிருக்கும். (பகிர்ந்தால் தொழில் போகாது என்பதைத் திருநெல்வேலி அல்வாவை வைத்தும் சொல்லலாம். கோதுமைப் பால், சர்க்கரை, நெய் என்று செய்முறை ஊருக்கே தெரியும். ஆனாலும் மாலையானால் கூட்டம் ஒரு சில கடைகளில்தான் நிற்கிறது. தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்பார்கள். கிண்டுகிற கை என்பது என் கட்சி.)

கால்வாய் உவமை ஓரிடத்தில் உடைகிறது. தண்ணீர் எடுக்க எடுக்கக் குறையும். மென்பொருள் நிரலோ கலைக்களஞ்சியக் கட்டுரையோ குறையாது. கோடிப் பேர் பிரதி எடுத்தாலும் மூலத்தில் ஒரு வரி தேயாது. அப்படியானால் முறை எதற்கு? இங்கே குறைவது வேறொன்று: தூர் வாருகிறவரின் பொறுமை. பிழை என்று எழுதுகிறவர்களுக்குப் பதில் சொல்வது, அனுப்பிய திருத்தத்தைப் படித்துப் பார்ப்பது, பழைய பகுதியைப் புதிய எந்திரத்துக்கு ஏற்பச் செப்பனிடுவது எல்லாம் மண் சுமக்கிற வேலை. புது மடை கட்டுகிறவருக்குக் கல்வெட்டு வைப்பார்கள். தூர் வாரியவருக்கு மோர்தான்.

இந்த அலட்சியத்துக்கு உலகம் கொடுக்கவிருந்த விலையை 2024 மார்ச்சில் பார்த்தோம். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு கருவி. லினக்ஸ் சார்ந்த கணினிகள் பலவற்றின் அடியில் சத்தமில்லாமல் கிடக்கிறது. நெடுங்காலம் ஒரே மனிதர் தன் ஓய்வு நேரத்தில் அதைப் பராமரித்துவந்தார். ஏன் இவ்வளவு தாமதம், வேறு யாரிடமாவது ஒப்படைக்கக் கூடாதா என்று முகம் தெரியாத சிலர் அவரை நச்சரித்தார்கள். அதே காலத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பி, இரண்டாண்டுக்கு மேல் உழைத்து, நம்பிக்கை பெற்று, சாவியில் பங்கு பெற்றார். பிறகு உள்ளே கள்ள வழி ஒன்றை வைத்தார். ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் வேறு ஏதோ சோதனை செய்துகொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். பலர் அதைக் கவனிக்காமலே கடந்திருப்பார்கள். அவர் துருவிக்கொண்டே போய்க் குழி தோண்டப்பட்ட இடத்தைக் கண்டுபிடித்து ஊருக்குச் சொன்னார்.

இந்தச் சம்பவத்தைத் திறந்த முறையின் தோல்வி என்றும் சொல்கிறார்கள், வெற்றி என்றும் சொல்கிறார்கள். நிரல் திறந்து கிடந்ததால்தான் வெளியாள் ஒருவரால் துருவ முடிந்தது என்பது உண்மை. ஆனால் கேடு நுழைந்த வாசல் நிரலில் இல்லை. தனியாகத் தூர் வாரிக் களைத்த ஒரு மனிதரின் தோள் வழியாக அது நுழைந்தது. கரையில் நின்று ‘இன்னும் முடியவில்லையா’ என்று கேட்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மண்வெட்டியோடு இறங்கிய ஒரே ஆள் திருடனாகப் போனான்.

புதியவர்களை எப்படி நடத்துவது என்பதும் இதோடு சேர்ந்ததுதான், ஏனென்றால் மண்வெட்டி அவர்கள் கைக்குத்தான் போக வேண்டும். ஆங்கில விக்கிப்பீடியாவில் தீவிரமாக எழுதுவோர் எண்ணிக்கை 2007க்குப் பிறகு சரியத் தொடங்கியது. தரம் காக்கவென்று கட்டிய விதிகளும் தானியங்கிக் கருவிகளும் புதியவரின் முதல் திருத்தத்தையே தூக்கி எறிந்து விரட்டியது முக்கியமான காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். லினக்ஸில் டோர்வால்ட்ஸின் வாய் பிரசித்தம்; 2018 செப்டம்பரில் அவரே தன் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டுச் சிறிது காலம் ஒதுங்கியிருந்தார், நடத்தை விதிகளும் வந்தன. திறமை இருந்தால் திட்டு வாங்கினால் என்ன என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. திட்டு வாங்கி நின்றவர்களை மட்டும் பார்த்துப் பேசுகிறார்கள். போனவர்களின் கணக்கு அவர்களிடம் இல்லை.

பறவைக் கணக்கெடுப்பில் முதல் வருடம் என்னிடம் நாமக்கோழியை மட்டும் எண்ணச் சொன்னார்கள். கறுப்பு உடம்பு, வெள்ளை நெற்றி. தப்பவே முடியாது. முந்நூறுக்கு மேல் எண்ணிவிட்டு நிமிர்ந்தபோது பெரிய நிபுணன் ஆகிவிட்ட நினைப்பு. இரண்டாம் வருடம் நாரை வகைகள். மூன்றாம் வருடம்தான் படிவம் கைக்கு வந்தது, அதன் லட்சணத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கடைசியாக, பிரிந்து போகும் உரிமை. நம் வீடுகளில் பாகப்பிரிவினை என்றால் சுவர் எழும், கிணற்றில் பாதி உனக்குப் பாதி எனக்கு. கட்டற்ற மென்பொருளில், அதாவது நிரலை யாரும் எடுத்து மாற்றிப் பகிரக்கூடிய மென்பொருளில், பிரிந்தால் இரு தரப்புக்கும் முழு வீடு, முழுக் கிணறு. ஓப்பன் ஆபீஸ் மென்பொருள் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போனபின், அதன் போக்கில் நம்பிக்கை இழந்தவர்கள் 2010இல் மொத்த நிரலையும் எடுத்துக்கொண்டு லிப்ரே ஆபீஸ் என்று தனிக்குடித்தனம் போனார்கள். இன்று லிப்ரே ஆபீஸ்தான் தழைத்து நிற்கிறது. இப்படிப் போக முடியும் என்பதாலேயே பெரும்பாலும் யாரும் போவதில்லை. எவரும் எந்நேரமும் எழுந்து போகலாம் என்ற நிலையில் தலைவர் கொஞ்சம் பதமாகப் பேசுவார். கால்வாயில் இந்த வசதி கிடையாது. மருதூர் அணைக்கட்டின் மேலக்கால் பிடிக்கவில்லை என்று யாரும் தன் வயலைத் தூக்கிக்கொண்டு கீழக்காலுக்குப் போய்விட முடியாது.

அந்தப் பதினான்கு வாத்துகள் கதை முடியவில்லை. குழுவில் ஒருவர் கைப்பேசியைத் தொலைநோக்கியோடு ஒட்டவைத்து எடுத்த மங்கலான படம் ஒன்று இருந்தது. நான்கு நாள் கழித்து, எங்களோடு வராத ஒருவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, அலகு தொடங்கும் இடத்தில் இருக்கும் வெளிறிய புள்ளியைச் சுட்டிக்காட்டினார். நீலச்சிறகி, பெட்டைகள். கிளுவை அல்ல. பட்டியல் திருத்தப்பட்டது. எண்ணியவர் பெயரோடு அடையாளம் சொன்னவர் பெயரும் சேர்ந்தது.

தொலைநோக்கியின் முக்காலியில் ஒரு கால் அன்றே ஆடிக்கொண்டிருந்தது. ரப்பர் பட்டை சுற்றிச் சமாளித்தோம். அதை வண்ணாரப்பேட்டையில் எங்கேனும் கொடுத்துச் சரிசெய்கிறேன் என்று ஒப்புக்கொண்டு வாங்கி வந்தேன். இன்னும் வீட்டில் அலமாரிக்கு மேல்தான் இருக்கிறது.